ஓவிய வகுப்புக்கு இரண்டு வாளி: கொங்குப் பள்ளிகளின் ஓவிய ஆசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

எல்லோருக்கும் வணக்கமுங்க.

பிள்ளைகள் கையில் இப்போது அக்ரிலிக் வண்ணம் சகஜமாகிவிட்டது. பிரஷ்ஷை மட்டும் இன்னும் வாட்டர் கலர் பழக்கத்திலேயே புழங்குகிறோம். வாட்டர் கலர் காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் கரையும். அக்ரிலிக்கில் இருப்பது தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துகள். ஈரம் போனதும் அவை ஒட்டிக்கொண்டு ஏடாகிவிடும். அப்புறம் நாள் முழுக்க ஊறப்போட்டாலும் கரையாது. அதிலும் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னலில் அடிக்கும்போது, மேசையில் கிடக்கும் பிரஷ் பேசிக்கொண்டிருக்கையிலேயே விறைத்துவிடும்.

பிரஷ் கெடுவது பூணிலிருந்து. முடியைக் கைப்பிடியோடு பிடித்திருக்கும் அந்தத் தகரப் பூணுக்குள் வண்ணம் ஏறிக் காய்ந்தால், முடி அடியிலேயே விரிந்து நுனி பிளந்துபோகும். அதனால் வண்ணம் தொடுமுன் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துப் பிழியச் சொல்லுங்கள். முடியில் பாதிக்கு மேல் வண்ணத்தில் முக்க வேண்டாம். டம்ளர் தண்ணீரில் தலைகீழாக நிறுத்தும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்: முடி வளைகிறது, கைப்பிடி ஊறி வார்னிஷ் உரிகிறது, மரம் காய்ந்து சுருங்கியதும் பூண் ஆடுகிறது.

கழுவுவதற்கென்று பீரியடின் கடைசி 10 நிமிடத்தை ஒதுக்குங்கள். முதல் வேலை துடைப்பது. பனியன் வேஸ்ட்டை மடித்து, பூணிலிருந்து நுனி நோக்கி இழுத்துத் துடைத்தால் பெரும்பகுதி வண்ணம் துணிக்கே போய்விடும். பிறகு முதல் வாளியில் அலசல், அடுத்து உள்ளங்கையில் சோப்பு. பூண் ஓரத்து முடியை விரலால் நசுக்கினால் உள்ளே நின்ற வண்ணம் நுரையோடு வரும். நுரை வெள்ளையாகும்வரை விடக் கூடாது. இரண்டாம் வாளியில் கடைசி அலசல். சுடுதண்ணீர் ஆகாது, வண்ணம் சீக்கிரம் இறுகும். சிறுவாணித் தண்ணீரில் சாதாரண சோப்பே நன்றாக நுரைக்கும். போர்வெல் உப்புத்தண்ணியில் சோப்பு திரிந்து முடியில் ஒட்டும். அங்கே பாத்திரம் கழுவும் லிக்விட் நல்லது. நுனியை விரலால் கூராக்கி, நிழலில் படுக்கப்போட்டுக் காயவிடுங்கள். ஈரத்தோடு நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் பூணுக்குள் இறங்கிப் பசை விட்டுப்போகும்.

வாளித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம் என்பது எங்கள் முக்கியமான வேண்டுகோள். சாயக் கழிவுக்காக 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை ஊரே அறியும். நம் வாளி சிறியதுதான். ஆனாலும் அதில் இருப்பது பிளாஸ்டிக். குழாயில் போனால் உள்ளே படிந்து அடைக்கும். ஓடைக்குப் போனால் நொய்யலில் சேரும். ஒருநாள் தெளியவிட்டு, மேல்தண்ணீரை மறுநாள் முதல் அலசலுக்கே எடுத்துக்கொள்ளலாம். அடியில் தங்கிய கசடை அகலமான தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். நம்மூர் வெயிலுக்குச் சுருக்கக் காய்ந்துவிடும். உரித்துக் குப்பையில் போடலாம்.

காய்ந்துபோன பிரஷ்ஷை உடனே எறிய வேண்டியதில்லை. முடி மட்டும் முங்கும்படி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் 15 நிமிடம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் சீவி, சோப்புப் போட்டுக் கழுவினால் பல பிரஷ்கள் மீளும். ஆசிரியர்தான் இதைச் செய்ய வேண்டும், ஜன்னலைத் திறந்து, நெருப்பில்லாத இடத்தில். பூணுக்குள் இறுகியது மீளாது. அதைப் பசை தடவ வைத்துக்கொள்ளுங்கள்.

தலைமையாசிரியர்களுக்கு ஒன்று: ஜூன் மாதப் பட்டியலில் விலங்கு முடி பிரஷ் வேண்டாம், அக்ரிலிக்கில் அது சீக்கிரம் கெடும். நைலான் முடியில் 4, 8-ஆம் எண் உருண்டை பிரஷ்ஷும் அரை இஞ்ச் பட்டை ஒன்றும் ஒரு பிள்ளைக்குப் போதும். அதே பட்டியலில் வாளி இரண்டு, பனியன் வேஸ்ட் ஒரு கிலோ என்றும் எழுதிவிடுங்கள்.