சண்முகத்துக்குக் கடிதம்: தட்டணுக்கள் செய்யும் வேலை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தது. இதயத் தமனி அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு காலையில் குளக்கரை வரை நடக்கிறாய் என்று படித்ததும்தான் மனசு ஆறியது. இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்குப் பிரசவ நாள் நெருங்குகிறது, வீடு முழுக்க அந்தப் பேச்சுதான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அடைப்பு வந்தது கொழுப்பால், அப்புறம் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுவை (பிளேட்லெட்) அடக்க எதற்கு இரண்டு மாத்திரை என்கிறாய். ஸ்டென்ட் கம்பிவலை மேல் தட்டணுக்கள் ஒட்டி ரத்தம் உறைந்துவிடக் கூடாது என்பதற்காக. இதை டாக்டரே சொல்லியிருப்பார். ஆனால் தட்டணுவின் கைவரிசை அடைப்பு உண்டாகும் ஆரம்பத்திலேயே இருக்கிறது.

லேபில் இருந்தவரை எங்களுக்குத் தட்டணு என்றால் டெங்கு சீசன்தான். லீஷ்மன் சாயம் ஏற்றிய ஸ்லைடில், சிவப்பணுக்களுக்கு நடுவே ஊதாப் பொடியாகத் தெரியும். அகலம் சிவப்பணுவில் மூன்றில் ஒரு பங்கு, உட்கரு கிடையாது. ஒரு மைக்ரோலிட்டரில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்க வேண்டும். குறைந்தால் ஊரே பப்பாளி இலைச் சாறு தேடி ஓடும். இருக்கிற தட்டணு வேண்டாத இடத்தில் கிளர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை.

1974இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ரஸல் ராஸ் குழுவினர் தமனிச் சுவரின் தசைச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீரான சீரத்தை ஊற்றினால் செல்கள் பெருகின. தட்டணு நீக்கிய பிளாஸ்மாவிலிருந்து, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியிலிருந்து, எடுத்த சீரத்தில் அப்படிப் பெருகவில்லை. தட்டணுவைச் சேர்த்ததும் மறுபடி பெருகின. அடைப்பைத் தடிக்க வைக்கும் தசைச் செல்களுக்குத் தூண்டுதல் தட்டணுவுக்குள்ளிருந்தும் வருகிறது என்று அப்போதுதான் தெளிவானது.

2002இல் ஜெர்மனியின் மியூனிக்கில் இன்னும் முன்னால் போய்ப் பார்த்தார்கள். மரபணு மாற்றத்தால் ரத்தத்தில் கொழுப்பு ஏறிய எலிகளின் கழுத்துத் தமனியை உயிரோடு நுண்ணோக்கியில் கவனித்தார்கள். கொழுப்புத் திட்டு கண்ணுக்குத் தெரியும் முன்பே, வெள்ளையணுக்கள் வந்து சேரும் முன்பே, தட்டணுக்கள் சுவரில் ஒட்டத் தொடங்கியிருந்தன. அந்த ஒட்டுதலை ஆன்டிபாடியால் தொடர்ந்து தடுத்தபோது திட்டும் வெகுவாகக் குறைந்தது. எனக்கு இதுதான் பெரிய விஷயம். அந்தச் சுவர் கிழிந்திருக்கவில்லை, அழற்சியில்தான் இருந்தது. அதுவே போதும்: தட்டணு ஒட்டி, வெள்ளையணுவை வரவழைக்கும் புரதங்களை அங்கே பூசிவிடுகிறது. வெள்ளையணு உள்ளே நுழைந்து கொழுப்பை விழுங்கி அங்கேயே தங்கிவிடுகிறது.

அதற்காகக் கொழுப்பு மாத்திரையை விட்டுவிடாதே. கெட்ட கொழுப்பு இல்லாமல் இந்தக் கதையே தொடங்காது.

உன் ஆஸ்பிரின் தட்டணுவிலுள்ள ஒரு நொதியை நிரந்தரமாக முடக்குகிறது. உட்கரு இல்லாததால் தட்டணுவால் அதைப் புதிதாகச் செய்துகொள்ள முடியாது. சாகும்வரை, அதாவது ஏழு முதல் பத்து நாள், அப்படியே கிடக்கும். அதனால்தான் தினம் 75 மில்லிகிராம் போதுமாக இருக்கிறது. உன் இன்னொரு மாத்திரை குளோபிடோக்ரல், தட்டணுவைக் கிளப்பும் வேறொரு வாசலை அடைக்கிறது.

உன் மச்சான் தானாகவே ஆஸ்பிரின் போடுகிறார் என்றாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. 2018இல் வெளியான ஆஸ்ப்ரீ ஆய்வில், ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 ஆரோக்கியமான முதியவர்களைப் பார்த்தார்கள். பாதிப்பேருக்கு தினம் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின். இதயநோய் குறிப்பிடும்படி குறையவில்லை, கடுமையான ரத்தக்கசிவுதான் கூடியது. எலியில் தட்டணுவைத் தடுத்துப் பலன் கண்டது உண்மை. ஆனால் மனிதனுக்குக் குடலிலும் மூளையிலும் கசிவை நிறுத்துவதும் அதே தட்டணுதான். நெஞ்சுவலியோ ஸ்டென்டோ இல்லாதவர் டாக்டரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. அவரிடம் நீயே சொல்.

நீ பல் பிடுங்க வேண்டும் என்கிறாய். இரண்டு மாத்திரையில் எதையும் நீயாக நிறுத்தாதே, பல் டாக்டர் சொன்னாலும் இதய டாக்டரிடம் முதலில் பேசு. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். பேரக்குழந்தை பிறந்ததும் போன் செய்கிறேன்.

அன்புடன்,
ராகவன்