அரை இஞ்சுக்கு ஒரு அடி

ஹமாமட்சு,
22-6-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். உங்களிடம் போனில் பேசினால் "சரி சரி, காசு ஏறுது, வை" என்பதோடு முடிந்துவிடுகிறது. இப்போதெல்லாம் காசு ஏறாது என்று எத்தனை முறை சொல்லியும் நீங்கள் நம்பியபாடில்லை. கடிதம் என்றால் ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படிப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

தங்கச்சி காட்டிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஜப்பான் போயி பொம்மை கார் வாங்கி விளையாடுறானா?" என்று கேட்டீர்களாம். வாங்கவில்லை அப்பா. செய்கிறேன்.

கடையில் பெட்டியாக விற்பான். உள்ளே முழுக் காரும் உதிரியாக இருக்கும். கண்ணாடி, சீட்டு, அச்சு, சைலன்சர் எல்லாம் பிளாஸ்டிக் சட்டத்தில் கொத்துக் கொத்தாய் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்து, நறுக்கிய இடத்தைத் தேய்த்து, ஒட்ட வேண்டும். பாடி மட்டும் ஒரே வார்ப்பு. தாளில் போட்டிருக்கிறபடி ஒட்டினால் ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும். நான் பழகுகிற கூட்டத்தில் யாரும் அப்படி முடிப்பதில்லை. ஒருவர் கூரையை அறுத்து இறக்குகிறார், ஒருவர் வண்டியைத் தரையோடு படுக்க வைக்கிறார், சக்கரம் மட்டும் தனிப் பெட்டியில் வாங்கி மாட்டுகிறார்கள். நம்ம பட்டறைக்கு வந்து "அண்ணே, கம்பெனி வண்டி மாதிரியே இருக்கக் கூடாது" என்று நிற்கிற பசங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அதே ஜாதி. வயது மட்டும் அறுபதுக்கு மேல்.

நம்ம சிவகாசிக்குப் பட்டாசு எப்படியோ, இங்கே ஷிசுவோகாவுக்கு இந்த வேலை அப்படி. நான் இருக்கிற ஊரிலிருந்து சாதாரண ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. மாடல் பெட்டி போடுகிற கம்பெனிகளில் தமியா, அவோஷிமா, ஃபுஜிமி எல்லாம் அந்த ஊர்தான், ஹசெகாவா பக்கத்து ஊரான யாய்சு. பழங்காலத்திலிருந்தே தச்சர்கள் நிறைந்த ஊராம். தமியாவே 1946-ல் மரக்கடையாக ஆரம்பித்து, மரத்தில் மாடல் செய்து, 1960-ல்தான் முதல் பிளாஸ்டிக் மாடலைப் போட்டது. அதுகூடக் கார் இல்லை, யமாட்டோ என்ற போர்க்கப்பல். ஷிசுவோகாவில் ஒரு தபால் பெட்டி இருக்கிறது, பெரிய சட்டத்தில் உதிரி பாகங்கள் மாட்டி வைத்த மாதிரியே செய்து நிறுத்தியிருக்கிறார்கள். உண்மையாகவே அதில் கடிதம் போடலாம். இந்தக் கடிதத்தை அதில் போடலாம் என்றுதான் நினைத்தேன், மழையில் சோம்பலாகிவிட்டது.

உங்களுக்குப் பிடிக்கிற கதை ஒன்று உண்டு. எழுபதுகளில் தமியா போர்ஷே 934 காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்யக் கிளம்பினார்கள். எடுத்த அளவெல்லாம் போதவில்லை என்று அதற்கு மூல வண்டியான ஒரு நிஜ போர்ஷே 911-ஐயே விலைக்கு வாங்கிப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். படித்ததும் உங்கள் குரல்தான் கேட்டது: "பிரிக்கிறது எவனும் பிரிப்பான்டா, பூட்டுறவன்தான் வேலைக்காரன்."

போன மாதம் ஷிசுவோகாவில் ஹாபி ஷோ நடந்தது. ஒவ்வொரு மே மாதமும் நடக்கும். நாடு முழுவதுமிருந்து குழுக்கள் வந்து, நீள நீள மேஜைகளில் தாங்கள் செய்ததைப் பரப்பி வைப்பார்கள். பெரிய கூட்டம், ஆனால் ஒருவரும் கை நீட்டித் தொடுவதில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். எங்கள் குழுவில் ஒரு பெரியவர், எழுபது தாண்டியவர், ஒரு மேஜைக்குப் பின்னால் நாற்காலி போட்டு என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பேச்சுவாக்கில் உன் அப்பா என்ன வேலை என்றார். எனக்குத் தெரிந்த ஜப்பானியத்தில், அடிபட்ட கார்த் தகட்டைத் தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடிப்பார் என்றேன். "ஓ, பாங்கின் தோசோ!" என்றார். இங்கே கடை போர்டில் அப்படித்தான் எழுதுவார்களாம். பாங்கின் என்றால் தகட்டு வேலை, தோசோ என்றால் பெயிண்ட். 'டிங்கரிங் & பெயிண்டிங்' என்று நம்ம பட்டறை வாசலில் இருக்கிறதே, அதே ஜோடி, அதே வரிசை. பட்டிக்கு இங்கே 'பாத்தே' என்கிறார்கள். முதல் நாள் கேட்டபோது யாரோ நம்ம ஊர்க்காரர் பேசுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

அன்றைக்கு அவர் நான் முன்பு செய்த நிஸான் ஸ்கைலைன் கார் மாடல் ஒன்றைக் கையில் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஆட்காட்டி விரலைக் கதவு மேல் ஓட்டினார். பின் சக்கரத்துக்கு மேலே நிறுத்தி, "இங்கே பள்ளம்" என்றார். நானும் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளங்கையை வைத்துப் பட்டியில் மேடு பள்ளம் கண்டுபிடிப்பீர்களே, கண்ணு பொய் சொல்லும் கை சொல்லாது என்று. அந்த வேலையை இவர் ஒரு விரல் நுனியில் செய்கிறார். பள்ளம் அங்கேதான் இருந்தது.

தேய்க்கிற தண்ணி பேப்பர், பிரைமர், ஸ்ப்ரே கன், ரப்பிங் காம்பவுண்ட், எல்லாம் நீங்கள் வைத்திருப்பதுதான். கன் மட்டும் பேனா கனத்தில் இருக்கும். மாறுவது பெயிண்டின் கனம். இது இருபத்திநாலில் ஒரு பங்கு வண்டி இல்லையா, பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கனத்துக்குப் பெயிண்ட் ஏறிவிட்டால், நிஜ வண்டியில் 2.4 மில்லிக்கு அப்பியதற்குச் சமம். கதவு இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். அதனால் பெயிண்டுக்கு முன்னாடியே கதவு, டிக்கிக் கோடுகளை ஊசியால் கீறி ஆழமாக்கிவிட வேண்டும். பிறகு பனி படிகிற மாதிரி அடித்து, காயவிட்டு, மறுபடி அடித்து. பொறுமை இல்லாதவனுக்கு ஆகாது. எனக்கு இல்லை என்று சொல்வீர்கள். சரிதான், இதுவரை மூன்று பாடியைப் பெயிண்ட் உரித்துத் திரும்ப அடித்திருக்கிறேன்.

மூன்றாவது இந்த மாதம்தான். இங்கே ஜூனில் மழைக்காலம், சுயு என்பார்கள். நம்ம ஊர் மழை மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது, நாள் முழுக்க நசநசவென்று பெய்யும், சுவரே வேர்க்கும். அவசரப்பட்டு ஒரு சனிக்கிழமை ராத்திரி கறுப்பு அடித்தேன். காலையில் பார்த்தால் பாடி முழுக்கச் சாம்பல் பூத்துக் கிடந்தது. என்.சி. பெயிண்ட் ஈரத்தில் வெளுத்துப்போகும் என்று ஐப்பசி கார்த்திகையில் வண்டிகளைக் காத்திருக்கச் சொல்வீர்கள், வந்தவர்கள் கத்துவார்கள், நீங்கள் அசைய மாட்டீர்கள். அப்போது உங்கள் மேல் எனக்குக் கோபம்தான் வரும். குளிர்காலத்தில் இந்த ஊரில் உலர்ந்த காற்று ஆளைத் தள்ளும், அப்போது பெயிண்ட் அருமையாக உட்காரும். இனி கறுப்பு ஜனவரியில்தான்.

வீடு சின்னது, ஆறு பாய் விரிக்கிற அறை ஒன்று, ஒரு சமையல் மூலை. சுவர் மெல்லிசு. ராத்திரி எட்டுக்கு மேல் கம்ப்ரசரைப் போடுவதில்லை. பெயிண்ட் புகையை இழுத்து வெளியே தள்ள ஒரு பெட்டியும் குழாயும் ஜன்னலில் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா துணி காயப்போட்டிருந்தால் அன்றைக்கு விடுமுறை.

மூக்குக்கு வடிகட்டி வைத்த முகமூடி போட்டுக்கொள்கிறேன். போடாமல் அடித்தால் பெரியவர் திட்டுகிறார். அதில் இரண்டும், மாற்று வடிகட்டி பத்தும் பார்சலில் வருகிறது. துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று சொல்லாதீர்கள். அம்மா சொல்கிற இருமலைப் பற்றி நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம், முகமூடியை மட்டும் போடுங்கள். பெயிண்டும் தின்னரும் விமானத் தபாலில் எடுக்க மாட்டார்கள், அதனால் அனுப்பவில்லை. மெல்லிய தண்ணி பேப்பர் ஒரு கட்டு வைத்திருக்கிறேன்.

பட்டறைப் பக்கமே வராதே, இந்தத் தூசி என்னோடு போகட்டும் என்று பாலிடெக்னிக்குக்கு அனுப்பினீர்கள். இப்போது காசு கொடுத்துத் தூசி வாங்குகிறேன். சிரித்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வேப்பமரத்தடியில் நிற்கிற நம்ம அம்பாசடரைச் செய்யப்போகிறேன். நான் போன கடைகளில் அதற்குப் பெட்டி கிடைக்கவில்லை. மரத்தில் அச்சு செதுக்கி, ஒரு மில்லி பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அதன் மேல் இழுத்துப் பாடி எடுக்க வேண்டும். இரண்டு தடவை இழுத்தேன், இரண்டு தடவையும் ஹெட்லைட் மேட்டில் கிழிந்தது. அம்பாசடரில் நேர்கோடு தேடினால் கிடைக்காது என்று நீங்கள் அலுத்துக்கொண்டது இப்போதுதான் புரிகிறது. பானட்டைத் தனியாக, மட்கார்டைத் தனியாக எடுத்து ஒட்டலாமா? நீங்கள் என்றால் எந்த இடத்தில் வெட்டுவீர்கள்?

கணக்கு உங்களுக்குச் சுலபம். இருபத்திநாலில் ஒரு பங்கு என்றால் நிஜத்தில் ஒரு அடிக்கு இங்கே அரை இஞ்ச். அமெரிக்காக்காரன் பெட்டி இருபத்தைந்தில் ஒரு பங்கு, அந்தச் சனியன் வேண்டாம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 8 அடி 1 இஞ்ச் என்று புத்தகத்தில் இருக்கிறது, எனக்கு அது 102.7 மில்லி. முழு வண்டியும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். சக்கரம் 15 இஞ்ச், அதற்கு ஒத்த ரிம் கிடைத்துவிட்டது.

புத்தகத்தில் இல்லாதது: பானட் நடு மேட்டின் உயரம், பின் கண்ணாடியின் அகலம், முன் கதவின் அடிக்கோட்டுக்கும் தரைக்கும் இடைவெளி. கிரில் நம்ம வண்டியில் மாற்றியதுதானே, மார்க் 3-ஆ மார்க் 4-ஆ என்று எழுதுங்கள். டிக்கி ஓரத்தில் உரிந்து நிற்கிற க்ரீம் பெயிண்டில் நகம் அளவு ஒரு செதில் உறையில் வைத்து அனுப்பினால் நிறம் சரியாகக் கலந்துவிடுவேன்.

அளவெடுக்கும்போது ஆணியில் தொங்குகிற அந்தப் பழைய டேப் வேண்டாம். அதில் முதல் அரை இஞ்ச் உடைந்திருக்கிறது. நீங்கள் மனசுக்குள் கூட்டிக்கொள்வீர்கள், ஆனால் தங்கச்சி பிடித்தால் மறந்துவிடுவாள், அந்த அரை இஞ்ச் இங்கே எனக்கு அரை மில்லி, கதவு மூடாது.

இப்படிக்கு,
உங்கள் மகன்