அடுத்த சோயா நெருக்கடிக்கு முன் லூபினைச் சோதியுங்கள்

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்களுக்கும் முட்டைக்கோழிப் பண்ணையாளர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

2021ஆம் ஆண்டின் நடுப்பகுதி உங்களுக்கு மறந்திருக்காது. சோயாப் புண்ணாக்கு விலை ஓராண்டுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. மரபணு மாற்றப்பட்ட சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்துகொள்ளலாம் என்று ஆகஸ்டில் மத்திய அரசே அனுமதி தர வேண்டியதாயிற்று. தீவனம் ஏறிவிட்டது என்பதற்காகப் பண்ணையாளர் முட்டை விலையைத் தன் விருப்பத்துக்கு ஏற்றிவிட முடியாது. வேறு புரதம் தேடினால், கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு, சூரியகாந்திப் புண்ணாக்கில் நார், கருவாட்டுத் தூளில் உப்பும் மணலும். எல்லாவற்றையும் சுற்றிவிட்டுச் சோயாவிடமே திரும்பி வந்தோம்.

அந்தத் தேடலில் லூபின் விதையையும் சேர்த்து, நம் கோழிக்கு நம் வெயிலில் ஒரு முழுமையான சோதனை நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

லூபின் பயறு வகையைச் சேர்ந்த பயிர். பழைய வகைகளின் விதை ஆல்கலாய்டுகளால் கசக்கும். கசப்பு குறைந்த செடிகளை 1920களின் இறுதியில் ஜெர்மனியில் ரைன்ஹோல்ட் ஃபான் செங்புஷ் பிரித்தெடுத்தார். பிறகு மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ், குறுகிய இலை லூபினைப் பண்ணைப் பயிராகவே மாற்றினார். அவருடைய முதல் இனிப்பு வகையான (அதாவது கசப்பு குறைந்த) யூனிவைட் 1967இல் வந்தது. அங்குள்ள மணற்பாங்கான நிலத்தில் கோதுமைக்கு முன் விதைத்து, மண்ணுக்குத் தழைச்சத்தும் தீவனத்துக்கு விதையும் எடுக்கிறார்கள். நாமக்கல்லில் இதை விளைவிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. இது குளிர்காலப் பயிர். சுண்ணாம்பு மண்ணும் இதற்கு ஆகாது. நமக்கு இது இறக்குமதிச் சரக்காகவே இருக்கும். ஆகவே கணக்கைக் கறாராகப் போட வேண்டும்.

முழு விதையில் ஏறத்தாழ 32 சதவீதம் புரதம். சோயாப் புண்ணாக்கில் 46 சதவீதம் என்று வைத்தால், 10 கிலோ லூபின் தரும் புரதம் 7 கிலோ புண்ணாக்கிலேயே கிடைத்துவிடும். மீதி 3 கிலோவுக்கான இடம் மக்காச்சோளத்திடமிருந்துதான் வர வேண்டும். லூபினில் மாவுச்சத்து அநேகமாக இல்லை. அதனால் எரிசக்தி குறையும், எண்ணெய் சேர்க்க நேரும். புரதத்தின் அடிப்படைக் கூறான அமினோ அமிலங்களில் மெத்தியோனின் சோயாவிலேயே பற்றாக்குறை, இதில் இன்னும் குறைவு. லைசின் என்ற இன்னொன்றையும் சரிக்கட்ட வேண்டும். இந்தச் செலவுகளையெல்லாம் கூட்டாமல் டன் விலையை மட்டும் ஒப்பிடுவது பண்ணையாளரை ஏமாற்றுவதாகும். லூபினுக்குச் சாதகமான செய்தி, சோயாவைப்போல வறுத்துச் செரிமானத் தடைப் பொருள்களை அழிக்கும் வேலை இதில் இல்லை என்பது. அரைத்து அப்படியே கலக்கலாம்.

எனக்குள்ள பெரிய கவலை எச்சத்தைப் பற்றியது. லூபினின் செல் சுவர்களில் இருக்கும் மாவல்லாத கூட்டுச் சர்க்கரைகளைக் கோழியால் செரிக்க முடியாது. அவை குடலில் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அளவு கூடினால் எச்சம் இளகும். உயரக் கூண்டுகளுக்கு அடியில் மாதக்கணக்கில் எச்சம் குவியும் நம் பண்ணைகளில் அதன் பொருள் உங்களுக்கே தெரியும்: ஈ பெருகும், அம்மோனியா நெடி ஏறும், முட்டை ஓட்டில் கறை படியும், எரு வாங்க வருபவர் விலையைக் குறைப்பார், பக்கத்து ஊரார் புகாரோடு வருவார்கள். சித்திரை வெயிலில் கோழி தீவனத்தைக் குறைத்துத் தண்ணீரைக் கூடுதலாகக் குடிக்கும்போது நிலைமை இன்னும் மோசமாகலாம். குளிர்நாட்டு ஆய்வு முடிவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தோல் நீக்கினால் புரதம் 40 சதவீதத்தை எட்டும். விதையின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தோல். அது மாட்டுத் தீவனத்துக்குப் போகும். துவரையும் உளுந்தும் உடைத்துப் பழகிய விருதுநகர் பருப்பு ஆலைகளில் இதை ஒருமுறை உடைத்துப் பார்க்கலாம். ஆனால் பருப்பிலும் அந்தச் சர்க்கரைகள் உண்டு. தோல் நீக்கியது, நீக்காதது, அந்தச் சர்க்கரைகளைச் சிதைக்கும் நொதி சேர்த்தது, சேர்க்காதது என்று நான்கையும் தனித்தனியே சோதிக்காமல் தீர்ப்புச் சொல்ல இயலாது.

சோதனையை முட்டையிடும் பருவம் முழுவதும், கோடையையும் உள்ளடக்கி நடத்துங்கள். 100 கிலோ தீவனத்துக்கு 5, 10, 15 கிலோ என்று வைத்துப் பாருங்கள். முட்டை எண்ணிக்கை, எடை, ஓட்டின் உறுதி, மஞ்சள் கரு நிறம் ஆகியவற்றோடு எச்சத்தின் ஈரத்தையும் கறைபட்ட முட்டைகளையும் பதிவு செய்யுங்கள். வரும் சரக்கு ஒவ்வொன்றிலும் ஆல்கலாய்டு அளவு கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே கோழிக்குப் போக வேண்டும். ஒரு கோழி நாளுக்கு 110 கிராம் தின்னும் என்றால், 10 சதவீதக் கலப்பில் ஒரு லட்சம் கோழிக்குத் தினமும் 1.1 டன் லூபின் தேவைப்படும். கசந்த சரக்கு ஒன்று உள்ளே வந்து, கோழிகள் தீவனத்தை ஒதுக்கினால் முட்டை உடனே சரியும்.

சங்கப் பொறுப்பாளர்களே, இதற்கான செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளுங்கள். முடிவு சாதகமோ பாதகமோ, தமிழில் அச்சிட்டு எல்லாப் பண்ணைகளுக்கும் அனுப்புங்கள். சோயா கிலோ எவ்வளவு விற்கும்போது, லூபின் துறைமுகத்தில் எவ்வளவுக்குக் கிடைத்தால் கட்டுபடியாகும் என்ற அட்டவணை அதில் கட்டாயம் இருக்க வேண்டும். தீவனம் அரைத்துக் கலக்கும் வேலைக்கு என்னால் ஆன உதவியைச் செய்யக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
முட்டைக்கோழித் தீவனத் தொழிலில் உள்ள ஒருவன்