கம்பத்தின் கீழே நின்றவர்களுக்கு நன்றி

எங்கள் பிரிவில் என்னோடு பணியாற்றிய வயர்மேன்கள், உதவியாளர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், துணை மின்நிலைய ஆபரேட்டர்கள், புயல் நாட்களில் எங்களுக்குச் சோறு போட்ட கடைமடை ஊர்மக்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

உதவியாளனாகச் சேர்ந்த நான், மின்பாதை ஆய்வாளனாக இந்த மாதம் ஓய்வு பெறுகிறேன். 11 கேவி (11,000 வோல்ட்) கம்பியைத் தொட்டு வேலை செய்பவன் முழு உடம்போடு வீடு திரும்புவது அவன் திறமையால் மட்டும் நடப்பதன்று. பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் துணை மின்நிலையத்தில், மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரை நிறுத்திவிட்டதாக ஒருவர் சொல்லும் சொல்லை நம்பித்தான் அவன் கம்பத்தில் கால் வைக்கிறான். அப்படி நான் நம்பிய சொல் ஒன்றுகூட பொய்க்கவில்லை என்பதைப் பொதுவில் சொல்லி நன்றி கூறவே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, எனக்குத் தொழில் கற்றுத்தந்த ஃபோர்மேன் அண்ணனுக்கு. லைன் கிளியர் (மின்சாரம் நிறுத்தப்பட்டது, வேலை செய்யலாம் என்று துணை மின்நிலையம் தரும் அனுமதி) வாங்கிய பிறகும், பாதையைத் துண்டிக்கும் ஏபி ஸ்விட்சைத் திறந்த பிறகும், கம்பியை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடு போடாமல் அவர் யாரையும் ஏற விடமாட்டார். எங்களை நம்பாததால்தான் சோதிக்கிறார் என்று எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் இருந்தது. ஒருநாள், துணை மின்நிலையத்திலிருந்து வரும் மின்பாதைகளான ஃபீடர்கள் இரண்டு அருகருகே போகும் இடத்தில், உப்புக் காற்றில் எண் அழிந்திருந்த ஸ்விட்சுகளில் தவறானதைத் திறந்துவிட்டு, "ஏறலாம்" என்று நானே சொன்னேன். அண்ணன் வழக்கம்போல ராடை மாட்டியதும், கம்பியில் மின்சாரம் இன்னும் இருந்ததால், வெடிச்சத்தத்தோடு பொறி பறந்து ஃபீடர் ட்ரிப் ஆகி மின்சாரம் நின்றது. கம்பத்தில் யாரும் இல்லை. திறந்தது நான்தான் என்று நடுங்கிக்கொண்டே சொன்னேன். அவர் வையவில்லை, "எதைப் பார்த்து அதைத் திறந்தாய்?" என்று மட்டும் கேட்டு, என்னோடு நடந்துவந்து அந்த அழிந்த எண்ணைப் பார்த்தார். மறுநாள் காலையில் மஞ்சள் பெயிண்ட் டப்பாவோடு வந்து, எங்கள் பிரிவிலிருந்த ஸ்விட்சுகள் அத்தனைக்கும் எண் எழுத வைத்தார். அன்று அவர் என்னை எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்தியிருந்தால் அடுத்த தவறை நான் மறைத்திருப்பேன், மற்றவர்களும் மறைத்திருப்பார்கள். அதன்பின் எங்கள் குழுவில் தவறு செய்தவர் தாமே முன்வந்து சொல்வது வழக்கமாயிற்று. என் வேலையை இளையவர்கள் சரிபார்த்தபோது எனக்கும் வருத்தம் வரவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, நம் பகுதியில் மட்டுமன்றி டெல்டா முழுவதிலும் சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். சம்பா வயலில் தண்ணீர் நின்ற காலம் அது. கம்பத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகவேண்டும், ஆனால் தோண்டத் தோண்டக் குழி சேற்றால் மூடிக்கொண்டது. வண்டி போகாத வரப்புகளில், தம் வீட்டுக் கூரையே பறந்துபோயிருந்த ஊர் இளைஞர்கள் எங்களோடு சேர்ந்து கம்பத்தைத் தோளில் சுமந்தார்கள். ஜெனரேட்டர் மின்சாரம் கம்பிக்குள் பின்னோக்கிப் பாய்ந்தால் ஆள் போய்விடும் என்று ஒருமுறை சொன்னதும், தெருத்தெருவாகப் போய் மெயினை இறக்கச் சொன்ன பெண்களையும் மறக்கமாட்டேன்.

வெளிமாவட்டங்களிலிருந்து வந்த குழுவினருக்கு எங்கள் பாதையும் தெரியாது, எங்களையும் தெரியாது. செல்பேசி பெரும்பாலும் வேலை செய்யாததால் லைன் கிளியரைத் துண்டுச்சீட்டில் எழுதி, இருசக்கர வண்டியில் ஆள் அனுப்பி வாங்கினோம். ஒரு மாலை, வேலை முடிந்துவிட்டது, மின்சாரம் விடலாம் என்று யாரோ வாய்ச்சொல்லாக ஆபரேட்டர் அம்மாவிடம் தெரிவித்திருக்கிறார். வெளிச்சம் கேட்டு வாசலில் கூட்டம் நின்றும், "சீட்டு வாங்கினவர் கையெழுத்து வராமல் கைப்பிடியைத் தொடமாட்டேன்" என்று அம்மா உறுதியாக மறுத்துவிட்டார்கள். அந்நேரம் வெளியூர்த் தம்பி ஒருவர் கம்பத்தின் மேல் இன்சுலேட்டர் மாற்றிக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்தபின் அத்தம்பி மறுநாள் முதல், அம்மா எழுதிய சீட்டா என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினார்.

நாள்கூலிக்குக் குழி தோண்டிய ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு என் நன்றியோடு ஒரு வருத்தமும் உண்டு. பந்தியில் உங்களைக் கடைசியாக உட்காரவைத்த நாட்கள் இருந்தன. நான் தடுத்திருக்க வேண்டும்.

சென்ற வாரம், என் பெயரில் இருந்த கடைசி லைன் கிளியரைத் திரும்பக் கொடுத்தபோது, அம்மா என்றும்போலவே, "எல்லோரும் இறங்கிவிட்டார்களா?" என்று கேட்டார்கள். நான் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்துவிட்டு, "எல்லோரும் இறங்கிவிட்டார்கள், அம்மா" என்றேன்.

நன்றியுடன்,
ஓய்வுபெறும் உங்கள் மின்பாதை ஆய்வாளன்