ஆஸ்பத்திரிக்குப் போன நாளுக்கும் மஸ்டரில் வருகை போடுங்கள்

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி ஆணையர்களுக்கும் நகர்நல அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

முதுநிலை சமூகப்பணி படிக்கும் மாணவி நான். களப்பணிப் பயிற்சிக்காகத் தென்மாவட்ட நகரம் ஒன்றின் சுகாதாரப் பிரிவில், ஊழியர் நலத் திட்டத்துக்கு உதவியாக இருந்தேன். எடை பார்ப்பது, பிரஷர் கருவியின் பட்டையைக் கையில் சுற்றுவது, பதிவேட்டில் எழுதுவது, பிறகு வார்டு வார்டாகப் போய் "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா" என்று கேட்பது, இவைதான் எனக்குத் தந்த வேலை. ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே என்னிடம் அன்பாக நடந்துகொண்டவர்கள் பலர். நான் பார்த்த சிக்கலும் அந்த ஓர் ஊரோடு நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் எல்லா ஆணையர்களுக்கும் எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். உங்கள் ஊழியர் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் செலவிடும் நேரத்தைப் பணிநேரமாகக் கணக்கிடுங்கள். நிரந்தரப் பணியாளருக்கு மட்டுமல்ல, ஒப்பந்தத் தொழிலாளிக்கும்.

முகாம் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அலுவலகக் கூட்ட அரங்கில் பத்தரை மணிக்குத் தொடங்கும். பந்தல், பேனர், வரவேற்புரை எல்லாம் இருக்கும். முதலில் அலுவலக ஊழியர்கள் வருவார்கள். தூய்மைப் பணியாளர்களை மேஸ்திரி கூட்டிவரும்போது பன்னிரண்டு மணி நெருங்கிவிடும். அவர்கள் காலை ஐந்தே முக்காலுக்கு வருகை போட்டு, தெருக்கூட்டி, வீடுவீடாகக் குப்பை வாங்கி, மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கொட்டிவிட்டு அப்படியே வந்து நிற்பவர்கள். நடுவில் டீயும் வடையும் சாப்பிட்டிருப்பார்கள். விரலில் ஊசி குத்திப் பார்த்தால் சர்க்கரை 200ஐத் தாண்டி நிற்கும். அதை மட்டும் வைத்து எந்த மருத்துவரும் மருந்து தொடங்கமாட்டார். "நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட சுகாதார நிலையத்துக்கு வாங்க, ரத்தம் எடுத்துப் பாத்துரலாம்" என்பார்.

இந்தச் சொல்லோடு திட்டம் நின்றுவிடுகிறது. நாளைக் காலையில் அவருக்கு வேலை இருக்கிறது. வேலைக்கு வராவிட்டால் அன்றைய கூலி இல்லை. நானும் திரும்பத் திரும்ப வார்டுக்குப் போய்க் கேட்டேன். ஒரு அக்கா சொன்னது: "போவணும்னுதாம்மா இருக்கு. ரத்தம் குடுக்க ஒரு நாளு, ரிசல்ட் வாங்க ஒரு நாளு, மாத்திர வாங்க ஒரு நாளு. மூணு நாள் கூலிய உட்டுட்டு எம்புள்ளைக்கு என்னத்தப் பொங்கிப் போட?" அவருடைய கணக்கில் பிழை எதுவும் இல்லை. மாத்திரை இலவசம், பரிசோதனை இலவசம். நேரத்துக்கு மட்டும் அவர் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

அதே தெருவை அதே விளக்குமாற்றால் கூட்டும் நிரந்தரப் பணியாளருக்குத் தற்செயல் விடுப்பு உண்டு, மருத்துவ விடுப்பு உண்டு, மருத்துவக் காப்பீடு உண்டு. முகாமில் சர்க்கரை தெரியவந்த நிரந்தரப் பணியாளர்கள் பெரும்பாலும் மருத்துவரிடம் போனார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் பெரும்பாலும் போகவில்லை. இரு தரப்பினரும் ஒரே பேட்டைக்காரர்கள், சிலர் ஒரே குடும்பம். விழிப்புணர்வு குறைவு என்று இதற்குக் காரணம் எழுதினால் அது அவர்கள்மேல் அநியாயமாகப் பழிபோடுவது ஆகும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. ஆனால் அந்தத் திட்டத்தின் தன்னார்வலர் கதவைத் தட்டும் நேரத்தில் இவர்கள் வேறு யாருடைய வாசலிலோ குப்பை வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். 2023 ஜூனில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன. அங்கே மாலையிலும் மருத்துவர் இருப்பது நல்ல ஏற்பாடு. வெறும் வயிற்று ரத்தத்தைத்தான் மாலையில் எடுக்க முடியாது. 2025 ஆகஸ்டில், சென்னைத் தூய்மைப் பணியாளர்களின் போராட்டத்தை ஒட்டி, காலை உணவும் தொழில்சார் நோய்களுக்குத் தனிச் சிகிச்சைத் திட்டமும் வரும் என்று அறிவித்தார்கள். அந்தக் காலை உணவு எத்தனை பெரிய காரியம் என்பது இந்தப் பயிற்சிக்குப் போகாமல் இருந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்காது.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சுகருக்குத் தரும் மாத்திரைகளில் ஒருவகை, உடலில் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கவைப்பது. அதைப் போட்டதும் சாப்பிட்டுவிட வேண்டும். விடிகாலை ஐந்து மணிக்கு மாத்திரையை விழுங்கிவிட்டு, கடுங்காப்பியோடு கிளம்பி, ஒன்பதரை வரை தள்ளுவண்டி தள்ளினால் சர்க்கரை தடாலென்று இறங்கும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும். ஒரு முறை அப்படி நடந்தால் போதும், அவர் அந்த மாத்திரையை மறுபடி தொடமாட்டார். பதிவேட்டில் 'மருந்தை முறையாக உட்கொள்ளவில்லை' என்று எழுதப்படும். மருத்துவரிடம் கால்மணி நேரம் உட்கார்ந்து தன் வேலைநேரத்தைச் சொல்ல முடிந்திருந்தால் அவர் மாத்திரையையோ நேரத்தையோ மாற்றிக் கொடுத்திருப்பார். அந்தக் கால்மணி நேரம்தான் கிடைப்பதில்லை.

பிரஷருக்குத் தரும் மருந்துகளில் சிறுநீரை அதிகம் போகவைப்பதும் ஒன்று. பெண்கள் பலர் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள். காரணம் கேட்டபோது சிரித்துக்கொண்டே சொன்னார்கள். எட்டு மணி நேரம் தெருவில் நிற்கும் அவர்களுக்குப் போக இடம் இல்லை. பூட்டியிருக்கும் பொதுக் கழிப்பறையின் சாவி யாரிடம் என்று தெரியாது. குப்பை கொடுக்கும் வீடுகளில் கேட்கக் கூச்சம், கேட்டாலும் எல்லா வீட்டிலும் விடமாட்டார்கள். அதனால் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் அரை பாட்டில் தண்ணீரோடு பொழுதைக் கழிக்கிறார்கள். நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கல்லும் இந்தப் பெண்களிடம் இத்தனை சாதாரணமாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 'தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள்' என்ற சுவரொட்டியை முகாமில் ஒட்டியவள் நான். கழிப்பறைக்கு வழிசெய்யாமல் அந்தச் சுவரொட்டியை இனி எங்கும் ஒட்டாதீர்கள்.

பாதங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நெடுநாள் கட்டுப்படாமல் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கும். கண்ணாடிச் சில்லு குத்தியது தெரியாது. சாக்கடை நீரில் நின்று வேலை செய்பவருக்கு இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நகர்நல அலுவலர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சீருடை, ஒளிரும் மேல்சட்டை, கையுறை, மழைக்கோட்டு, பொருத்தமான காலணி, முகக்கவசம் என்று வரிசையாகச் சொல்லியிருந்தன. 'பொருத்தமான' என்றே இருந்தது. நான் பார்த்த பெண்களுக்கு வந்த பூட்ஸ் ஆண்களின் அளவு. போட்டால் நடக்க முடியாது, எனவே அது வீட்டுப் பரணில் இருக்கிறது, காலில் ரப்பர் செருப்பு. பூட்ஸ் வழங்கியதாகப் பதிவேட்டில் கையெழுத்து சரியாக இருக்கிறது.

தடுப்பூசியிலும் இதே கதைதான். மஞ்சள் காமாலை பி வகைக்கு மூன்று தவணை போட வேண்டும். முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. ஊசியும் பிளேடும் கலந்த குப்பையைக் கையால் பிரிப்பவருக்கு இதைவிட அவசியமான ஊசி குறைவு. முகாமில் முதல் ஊசியைப் போட்டுக் கொண்டவர்களை இரண்டாவதுக்குத் தேடினோம். சிலர் வேறு வார்டு, சிலர் வேறு ஒப்பந்தக்காரரிடம் மாறியிருந்தார்கள். பட்டியல் எங்களிடம் இருந்தது, ஆட்கள் இல்லை.

இன்னொன்றையும் நீங்கள் அறிய வேண்டும். முகாமில் பரிசோதனை முடிவை எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொல்கிறார்கள். பக்கத்தில் மேஸ்திரி நிற்கிறார், ஒப்பந்த நிறுவனத்தின் கண்காணிப்பாளர் நிற்கிறார். ஐம்பதைத் தாண்டிய ஒரு அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, அத எழுதாத. உடம்பு முடியாதவன்னு தெரிஞ்சா நாளைக்கு வேற ஆளப் போட்டுருவாங்க" என்றார். பிரஷர் 140க்கு 90ஐ எவ்வளவோ தாண்டியிருந்தது. தன் உயிருக்கு ஆபத்து என்று சொல்லும் எண்ணை மறைத்துவைக்கச் சொல்லிக் கெஞ்சுகிறார். நோய் தெரிந்தால் வேலை போகும் என்ற பயம் இருக்கும்வரை எந்த முகாமிலும் உண்மை எண் உங்களுக்குக் கிடைக்காது. முடிவுகள் மருத்துவருக்கும் அந்தத் தொழிலாளிக்கும் மட்டும் தெரிய வேண்டும். அலுவலகத்துக்கு வேண்டிய மொத்த எண்ணிக்கையைப் பெயரில்லாமல் தரலாம்.

அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கும் நோய் இல்லாமல் இல்லை. அரையாண்டு முடியும் செப்டம்பரிலும் மார்ச்சிலும் பில் கலெக்டர்கள் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வரி வசூல் இலக்கு, இரவு ஒன்பது மணி வாட்ஸ்அப் செய்தி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஜூன் 21 அன்று ஒரு மணி நேர யோகா அவர்களுக்கு ஆறுதல்தான், மறுக்கவில்லை. இரவுச் செய்தியை நிறுத்தினால் இன்னும் பெரிய ஆறுதல். ஆனால் அவர்களுக்கு விடுப்பு என்ற கதவு திறந்திருக்கிறது. அதனால்தான் இந்த மடலை வெளியே தெருவில் நிற்பவர்களைப் பற்றியே எழுதுகிறேன்.

இனி செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

திடக்கழிவு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது நிபந்தனைகளில் ஒரு வரி சேருங்கள்: அரசு சுகாதார நிலையமோ இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மருந்தகமோ கொடுக்கும் சீட்டைக் காட்டினால், அந்த வேளைக்கு வருகை உண்டு, கூலிப் பிடித்தம் கிடையாது. இதற்கு ஆகும் செலவை ஒப்பந்தத் தொகையில் நீங்களே சேர்த்துவிடுங்கள். ஒப்பந்தக்காரர் தன் லாபத்திலிருந்து தரட்டும் என்று விட்டால் அது காகிதத்தோடு நின்றுவிடும். முகத்தைக் காட்டி வருகை பதியும் செயலியில் 'மருத்துவம்' என்று ஒரு தெரிவைச் சேர்ப்பதும் நடக்காத காரியம் அல்ல.

முகாமை மாதம் ஒரு முறை வார்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். அதிகாலையில் வருகை பதியும் இடத்திலேயே, அவர்கள் எதுவும் சாப்பிடும் முன்பு, ரத்தம் எடுங்கள். அடுத்த முறை முடிவையும் மாத்திரையையும் அங்கேயே கொடுங்கள். 2024இல் தொடங்கிய தொழிலாளர்களைத் தேடி மருத்துவம், பரிசோதனையைத் தொழிற்சாலைகளுக்கே கொண்டுபோகிறது. உங்கள் குப்பை பிரிக்கும் கூடமும் ஒரு பணியிடம்தான்.

இ.எஸ்.ஐ. பற்றி ஒரு வார்த்தை. என்னிடம் சம்பளச் சீட்டைக் காட்டியவர்களுக்கு 0.75 விழுக்காடு பிடித்தம் இருந்தது. நிர்வாகத் தரப்பு 3.25 விழுக்காடு கட்ட வேண்டும். ஆனால் காப்பீட்டு எண் என்ன, எந்த மருந்தகம் என்று கேட்டால் தெரியவில்லை. உடம்பு முடியாமல் மருத்துவர் சான்றோடு வீட்டில் இருந்தால், போதிய நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்கும் தொழிலாளிக்குச் சராசரிக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும் என்பது சட்டம். இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. "அப்டில்லாம் யாரு தருவா?" என்றார்கள். ஒப்பந்தக்காரரின் மாதப் பட்டியலுக்குப் பணம் ஒதுக்கும் முன், ஒவ்வொரு தொழிலாளியின் கையிலும் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்க்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

வேலை நின்றுபோகுமே என்று என்னிடம் கேட்ட அதிகாரிகளும் உண்டு. நியாயமான கேள்வி. ஒரு வார்டில் ஒரே நாளில் எல்லோரையும் அனுப்ப வேண்டாம், முறை வைத்து இருவர் இருவராக அனுப்பலாம். மேஸ்திரிகள் கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் இப்படித்தான் ஆள் மாற்றிவிடுகிறார்கள். அவர்களுக்கு இந்தக் கலை நன்றாகவே தெரியும், மேலிருந்து ஒரு உத்தரவு வந்தால் போதும்.

உங்கள் ஊரில் குப்பை ஒப்பந்தம் எப்போது புதுப்பிக்கப்படும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு முன் அந்த ஒரு வரியைச் சேர்க்க முடியுமா என்று மன்றக் கூட்டத்தில் வையுங்கள். முடியாது என்றால் எந்த விதி தடுக்கிறது என்பதை எழுத்தில் சொல்லுங்கள். அந்த விதியை மாற்றச் சொல்லி அடுத்த மனுவை நகராட்சி நிர்வாகத் துறைக்கு எழுதுகிறேன். இதன் நகலைத் தூய்மைப் பணியாளர் சங்கங்களுக்கும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
முதுநிலை சமூகப்பணி மாணவி ஒருத்தி