தக்காளி ஓயும்போது வெண்டை எழும்

அன்புள்ள சரவணா,

தென் கரோலினாவில், சார்ல்ஸ்டனை ஒட்டிய உன் ஜேம்ஸ் தீவு வீட்டுப் படங்களைப் பார்த்தோம். பின்பக்கம் நீள வராந்தா, அதற்கப்பால் வெயில் விழும் மணல் தரை, கடைசியில் உப்பங்கழி. கோடைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! ஒன்று மட்டும் செய், தம்பி: பாஸ்டனில் பழகிய நடவுக் கணக்கை அங்கேயே விட்டுவிடு. அங்கே மே கடைசியில் தக்காளி நட்டு ஆகஸ்டில் பறித்தாய். சார்ல்ஸ்டனில் அப்படி நட்டால் ஆகஸ்டில் செடி பச்சையாக நிற்கும், காய் இருக்காது.

இரவில் வெப்பம் 75 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியில் மகரந்தச் சேர்க்கை கெட்டு, பூ காம்போடு உதிரும். ஜூலை இரவுகள் அங்கே பெரும்பாலும் அப்படித்தான். உரம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது; இலைதான் பெருகும். ஆகவே ஏப்ரல் பாதிக்குள் நாற்று மண்ணில் இருக்க வேண்டும். இந்த வாரமே நடு. தண்டில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகட்டும், புதைந்த இடமெல்லாம் வேர் விடும். தரைமட்டத்தில் தண்டைச் சுற்றி இரண்டு அங்குலம் மேலும் இரண்டு அங்குலம் கீழுமாக அலுமினியத் தாள் சுற்று. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் தண்டின் அடியில் வெள்ளை நூல்போல ஒரு பூஞ்சை வரும். நேற்று நன்றாக நின்ற செடி இன்று வாடிக் கிடக்கும். அதற்குத் தடுப்புதான் உண்டு, மருத்துவம் இல்லை. பழத்தின் அடிப்பக்கம் கறுத்து அமுங்கினால் சுண்ணாம்புச்சத்துக் கடையைத் தேடி ஓடாதே. ஒரு நாள் வெள்ளம், மூன்று நாள் வறட்சி என்று தண்ணீர் விட்டிருப்பாய், சத்து காய்க்குப் போய்ச் சேர்ந்திருக்காது. காலையில், வேரில், சீராக விடு. மாலையில் இலை நனைய ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் காயாது. இரண்டாம் போகத்துக்கு ஜூலை நடுவில் புது நாற்று வை. இரவு குளிரத் தொடங்கும்போது அது பூத்துக் காய்க்கும்.

நாற்று வாங்கும்போது அட்டையில் ரகப் பெயருக்குப் பின்னால் 'N' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா பார். வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கும் ரகம் என்று பொருள். கடலோர மணலில் இந்தப் புழு இல்லாத தோட்டம் அபூர்வம். செடி காரணமில்லாமல் சோர்ந்தால் பிடுங்கி வேரைப் பார், மணிமணியாக முடிச்சு இருக்கும். அந்தப் பாத்தியை ஜூலையில் நனைத்து, தெளிவான பிளாஸ்டிக் தாளை இறுக்கி மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்து ஆறு வாரம் வெயிலில் விட்டுவிடு. கறுப்புத் தாள் அவ்வளவு சூடு தராது.

தக்காளி ஓயும்போது வெண்டை எழும். உங்கள் மாநிலத்தின் கிளெம்சன் பல்கலைக்கழகப் பெயரையே தாங்கிய 'கிளெம்சன் ஸ்பைன்லெஸ்' ரகம் 1939-இல் அமெரிக்க அளவில் பரிசு பெற்றது, இன்றும் கடைகளில் கிடைக்கிறது. மண் 65 டிகிரியைத் தாண்டிய பிறகு, ஏப்ரல் கடைசியில், விதையை இரவு முழுக்க ஊறவைத்து ஓரடி இடைவெளியில் போடு. குளிர்ந்த மண்ணில் அவசரப்பட்டால் விதை அழுகிவிடும். மூன்று நான்கு அங்குலத்தில் பறி; நாள்விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் காய் நார் கட்டும், செடியும் புதுக்காய் விடாது. முள்ளில்லா ரகம் என்றாலும் இலைச் சுணை அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள். ஜூலை கடைசியில் ஆளுயரம் போனதும் தரையிலிருந்து ஓரடி விட்டு வெட்டிக் கொஞ்சம் உரம் வை, செப்டம்பரில் பக்கக் கிளைகளில் மறுபடி காய்க்கும். ஆனால் வெண்டையும் நூற்புழுவுக்குப் பிரியமானது. முடிச்சு பார்த்த பாத்தியில் அதைப் போடாதே.

காராமணியையும் மே மாதத்தில் போடு. அதற்குத் தழைச்சத்து உரம் வேண்டவே வேண்டாம், கொடி ஓடும், காய் வராது. வெண்டை, காராமணி, எள் மூன்றும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களோடு அந்தக் கரைக்கு வந்தவை. கல்லா கீச்சி என்ற அவர்களுடைய வழிவந்தவர்களின் சமையல்தான் அந்த ஊர்ச் சமையலுக்கு அடித்தளம். எள்ளை அங்கே 'பென்னே' என்பார்கள். அதில் மெல்லிய பிஸ்கட் செய்கிறார்கள், வாங்கிப் பார், எள்ளுருண்டை சாப்பிட்ட நாக்குக்குப் பிடிக்கும்.

இனி, வராந்தாவில் ஆட்களைக் கூப்பிட்டுச் சாப்பிடுவதற்கு. பியூஃபோர்ட் பக்கம் செயின்ட் ஹெலினா தீவில் ஃபிராக்மோர் என்ற இடத்தின் பெயரால் 'ஃபிராக்மோர் ஸ்டூ' என்பார்கள். குழம்பு இல்லை, எல்லாம் ஒரே பானையில் வெந்து வடிகட்டி எடுப்பது. ஆறு பேருக்கு: ஓடோடு தலை நீக்கிய இறால் மூன்று பவுண்டு, புகையூட்டிய சாசேஜ் ஒன்றரை பவுண்டு, பாதியாக ஒடித்த மக்காச்சோளம் ஆறு, சிறிய சிவப்பு உருளைக்கிழங்கு மூன்று பவுண்டு. இரண்டு காலன் தண்ணீரில் கடல் உணவு மசாலாவைப் போட்டுக் கொதிக்க விடு. மசாலாவிலும் சாசேஜிலும் உப்பு இருக்கும், தண்ணீரை ருசி பார்க்காமல் உப்பு சேர்க்காதே. உருளைக்கிழங்கு பத்து நிமிடம், பிறகு சாசேஜ் சேர்த்து ஐந்து, பிறகு சோளம் சேர்த்து ஐந்து. கத்தி கிழங்கில் தடையில்லாமல் இறங்கினால்தான் இறாலைக் கொட்ட வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் போதும். அரைவட்டமாக வளைந்து இளஞ்சிவப்பானால் வெந்தது. முழு வளையமாகச் சுருண்டால் ரப்பர், ஓடும் சதையை விடாது. வெந்ததும் உடனே வடிகட்டு, சுடுநீரில் கிடந்தால் மேலும் வேகும். தேங்காய்ப்பால் ஊற்றலாமா என்று அம்மா பக்கத்திலிருந்து கேட்கிறாள். வேண்டாம்.

கேஸ் அடுப்பை வராந்தாவிலோ மரத் தளத்திலோ வைக்காதே. வெட்டவெளியில், சமதரையில் வை. பானை முக்காலுக்கு மேல் நிரம்பக் கூடாது. மீந்த உணவு வெளியே 90 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும்.

இறாலை உள்ளூர்ப் படகிலிருந்து வாங்கு. வசந்தத்தில் வெள்ளை இறால், கோடையில் பழுப்பு இறால், ஆகஸ்டுக்குப் பின் மறுபடி வெள்ளை. தலையோடு வாங்கினால் அன்றே தலையைக் கிள்ளிவிடு, இல்லையேல் தலையிலுள்ள நொதிகள் சதையைக் கரைத்துக் குழைத்துவிடும். ஐஸில் வை, உருகிய நீரில் மிதக்க விடாதே. உப்பங்கழியில் கோழிக் கழுத்தைக் கயிற்றில் கட்டி நீலநண்டு பிடிக்கலாம். ஓட்டின் ஒரு பக்க முள் நுனியிலிருந்து மறு பக்க முள் நுனிவரை 5 அங்குலம் இல்லாததையும், வயிற்றில் முட்டை சுமக்கும் சினை நண்டையும் திருப்பி விட வேண்டும், சட்டம். பானைக்குப் போகுமுன் செத்த நண்டைத் தூக்கி எறி. காலில் புண் இருந்தால் கோடையில் கழிக்குள் இறங்காதே. வெதுவெதுப்பான உப்புநீரில் விப்ரியோ கிருமி பெருகும், சிப்பி ஓடு கீறினால் அது வழியாகவே ஏறும். கரையில் உங்களுக்குச் சிப்பி பொறுக்கும் காலம் வழக்கமாக அக்டோபர் 1 முதல் மே 15 வரைதான்.

வராந்தாவுக்கு மின்விசிறி வாங்கும்போது ஈரம் தாங்கும் வகை என்று அட்டையில் போட்டிருக்க வேண்டும். சாரல் அடிக்கும் இடமென்றால் மழைக்கே தாங்கும் வகை. வீட்டுக்குள் மாட்டுவதை வாங்கினால் இறக்கைகள் தொங்கிவிடும். விசிறி குளிர்ச்சிக்கு மட்டுமல்ல, கொசு பலவீனமாகப் பறப்பது, காற்றில் தரிக்காது. பகலில் கடிக்கும் புலிக்கொசு கழியிலிருந்து வருவதில்லை, உன் பூந்தொட்டித் தட்டிலிருந்து வருகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும் என்பதால் வாரம் ஒருமுறை எல்லாத் தட்டையும் கவிழ்த்துவிடு. சதுப்பிலிருந்து வருவது கண்ணுக்குத் தெரியாத கடிப்பூச்சி. சாதாரண வலைக்குள் நுழைந்துவிடும். அதற்கு அங்குலத்துக்கு 20 கண்ணி உள்ள வலை கேட்டு வாங்கு.

ஆகஸ்டில் சாலையோரங்களில் அவித்த கடலை விற்பார்கள். 2006-இல் அதை மாநிலத்தின் நொறுவையாகவே சட்டம் போட்டு அறிவித்தார்கள். நம் ஊரில் அரைமணி அவித்து, பருப்பில் கடிப்பு இருக்கும்போதே இறக்குவோம். அங்கே பருப்பு அவித்த மொச்சை மாதிரி குழைய வேண்டும். வயலிலிருந்து வந்த பச்சைக்கடலைக்கு இரண்டு மூன்று மணி நேரம், காலனுக்கு அரை கப் கல்லுப்பு. அடுப்பை அணைத்த பின் அதே நீரில் ஒரு மணி நேரம் விட்டால்தான் உப்பு உள்ளே இறங்கும். காய்ந்த கடலை வாங்கினால் நாளெல்லாம் எரிபொருள் வீண்.

கடைசியாக, இங்கே ஜார்ஜியாவில் நம் சவன்னா வீட்டுக் கறிவேப்பிலையில் ஒரு கன்று கேட்டிருந்தாய். தர முடியாது. அது எலுமிச்சைக் குடும்பம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி அதன் கொழுந்தில்தான் தங்கும். அனுமதியில்லாமல் மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோவதற்குத் தடை இருக்கிறது. அங்கேயே உரிமம் பெற்ற நர்சரியில் வாங்கித் தொட்டியில் வை, 40 டிகிரிக்கு இறங்கும் இரவுகளில் உள்ளே எடு. அம்மாவிடம் தனியாகக் கேட்டு, பைக்குள் ஒளித்துக் கொண்டுவரச் சொல்லாதே, கேட்டால் கொண்டுவந்துவிடுவாள்.

அன்புடன்,
அப்பா