மாயா பாட்டை நான் நிறுத்தல, அவங்க ஊசிப் பேச்சை ஏத்துக்கவும் இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல, எம்.ஐ.ஏ.ன்ற பேர்ல பாடுற இலங்கைத் தமிழ்ப் பாடகி மாயா பத்தி ஒரு வாசகர் எழுதின கடிதத்தைப் படிச்சேன். அம்பது வயசு தாண்டிருச்சு, தடுப்பூசிக்கு எதிரா பேசுறாங்க, 5ஜி அலையைத் தடுக்குற துணின்னு விக்கிறாங்க, இன்னமும் இந்தம்மா பாட்டைக் கேக்குறவங்களுக்கு வெக்கமா இல்லையான்னு கேட்டிருந்தார். என்னையே பாத்துக் கேட்ட மாதிரி இருந்துச்சு. ஏன்னா நான் கிராம சுகாதார செவிலியர், ஊர்ல நர்சம்மான்னு கூப்பிடுவாங்க, ஊசி போடுறதுதான் என் வேலை. 2009லேர்ந்து மாயா பாட்டும் கேக்குறேன். இந்த ரெண்டும் எப்படி ஒரே ஆளுக்குள்ள இருக்கும்னு அவருக்கு மட்டும் இல்ல, எங்க வீட்டுக்காரருக்கே சந்தேகம்.

2009 பிப்ரவரில நான் நர்சிங் படிச்சிட்டிருந்தேன். ஹாஸ்டல்ல ஒரே ஒரு டிவி, ராத்திரி நியூஸ் மட்டும் போட விடுவாங்க. இலங்கையில போர் நடந்த வன்னில பாதுகாப்பு வலயம்னு அறிவிச்ச எடத்துலயே குண்டு விழுது, புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி மேலயே ஷெல் விழுதுன்னு சொல்றாங்க, பகல்ல பூரா வார்டுல கட்டில் கட்டிலா சுத்திட்டு வந்த எங்களுக்கு அந்த ஆஸ்பத்திரின்ற வார்த்தை மட்டும் காதுலயே நின்னுச்சு. ஜனவரி 29ல அந்தப் போரை நிறுத்தச் சொல்லி சென்னைல முத்துக்குமார் தீக்குளிச்சு இறந்திருந்தார். எங்க பாத்தாலும் அதே பேச்சு, ஆனா கடலுக்கு அந்தப் பக்கம் இருக்குற உலகத்துக்கு இது எதுவுமே தெரியாத மாதிரிதான் இருந்துச்சு.

அப்பத்தான் ஒரு ஃப்ரெண்டு மெமரி கார்டுல அந்த கிராமி இசை விருது விழா வீடியோ வந்துச்சு. பிப்ரவரி 8, 2009. ஜெய்-சி, கான்யே வெஸ்ட், லில் வெய்ன், டி.ஐ.னு கோட்டு போட்ட நாலு பெரிய ராப் பாடகருங்க, நடுவுல உடம்பு தெரியுற மாதிரி ஒரு கறுப்பு வெள்ளை டிரஸ்ல நிறைமாச வயித்தோட ஒரு இலங்கைத் தமிழ்ப் பொண்ணு, டாக்டர் சொன்ன பிரசவத் தேதியே அன்னிக்குத்தானாம். எங்களுக்கு அப்ப பிரசவ வார்டு டூட்டி, காலையில பூரா இஞ்ச் டேப்பை வெச்சு வயிறு அளந்துட்டு வந்து பாக்குறோம், அந்த வயித்தோட அவங்க குதிக்கிறாங்க. "எறங்கிருச்சுடி வயிறு"ன்னு ஒருத்தி கத்துனா. மூணாவது நாளோ நாலாவது நாளோ குழந்தை பொறந்துருச்சு. அந்த சமயத்துலயே அமெரிக்க டிவில உக்காந்து, பாட்டைப் பத்திக் கேட்டா வன்னியைப் பத்திப் பேசுனாங்க, இனப்படுகொலைன்னு வாயத் தொறந்து சொன்னாங்க. அந்த அளவு மேடை கிடைச்ச வேற யாரு அதைச் சொன்னாங்கன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. அதே வருசம் ஆஸ்கருக்கும் ரகுமான் சார் கூட அவங்க பாட்டு போட்டில இருந்துச்சு, பச்சைக் குழந்தையை வெச்சிருந்ததால போகல.

அப்புறம்தான் பழைய பாட்டுக்குப் போனேன். 2007ல வந்த 'கலா' ஆல்பம். அமெரிக்கா விசா கொடுக்கல, அதனால அங்க போய்ப் பண்ண வேண்டிய ஆல்பத்தை ஊர் ஊரா சுத்திப் பண்ணாங்க, அதுல நம்ம சென்னையும் ஒண்ணு, ரகுமான் சார் தன்னோட ஸ்டுடியோவைக் கொடுத்திருக்கார். நம்ம ஊரு உறுமிக்காரங்களை வெச்சு ரெக்கார்ட் பண்ணிருக்காங்க. எங்க அம்மா கூடப்பொறந்த மாமா உறுமி அடிப்பார். ஒரு பக்கம் குச்சியால தட்டி, இன்னொரு பக்கம் வளைஞ்ச குச்சியில எண்ணெயத் தொட்டுத் தோல்ல இழுப்பார் பாருங்க, உயிரு முனகுற மாதிரி ஒரு சத்தம் வரும், கோயில்ல அந்தச் சத்தம் கேட்டாத்தான் சாமி எறங்கும். அந்த மேளத்தை சாவு மேளம்னு சொல்லி முகம் சுளிச்சவங்களை எங்க தெருவுலயே பாத்திருக்கேன். அது லண்டன், நியூயார்க்ல கிளப்ல போடுற பாட்டுல கேக்குது. மாமாவுக்கு இயர்போன் மாட்டிவிட்டேன், முழுசாக் கேட்டுட்டு "அடி சரியா விழுந்திருக்கு"ன்னு மட்டும் சொன்னார், அவர் வாயிலேர்ந்து அது வர்றது லேசுப்பட்ட விஷயம் இல்ல.

அந்த வாசகர் ஒண்ணு தப்பா எழுதிட்டார், அதை நீங்களும் அப்படியே போட்டுட்டீங்க. மாயா புலி இயக்கத்துத் தலைவரோட பொண்ணுன்னு. அவங்க அப்பா அருளர், ஈரோஸ்ன்ற இன்னொரு ஈழப் போராளி இயக்கத்தை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், 'லங்கா ராணி' நாவல் எழுதினவர், 2019ல இறந்துட்டார். புலிகள் வேற, ஈரோஸ் வேற. அந்த அப்பா வீட்டுல இருந்ததே இல்ல. சின்னப் புள்ளையில குடும்பம் கொஞ்ச காலம் மெட்ராஸ்ல ஒரு பாழடைஞ்ச வீட்டுல இருந்தப்ப எப்பவாச்சும் வருவாராம், புள்ளைங்ககிட்ட மாமான்னு சொல்லித்தான் அறிமுகம். முதல் ஆல்பத்துக்கு அவர் பேரையே வெச்சாங்க, அதைப் பாத்துட்டு பேரை மாத்துன்னு அவர்கிட்டேர்ந்து மெயில் வந்துச்சாம். மாத்தல. ரெண்டாவதுக்கு அம்மா பேரு. அந்த அம்மா லண்டன்ல தையல் வேலை பாத்தவங்க, பிரிட்டிஷ் அரண்மனையில கொடுக்குற மெடலுக்குத் துணி தைக்கிறதுதான் 30 வருசத்துக்கு மேல வேலை. 2019ல மாயாவுக்கு பிரிட்டன் எம்.பி.இ.ன்ற கௌரவப் பட்டம் அறிவிச்சு அடுத்த ஜனவரில அரண்மனையில குத்திவிட்டாங்க, அம்மா கையால தைக்கிற அதே மெடல். எத்தனை தடவ படிச்சாலும் எனக்கு இதுல கண்ணு கலங்கிரும்.

சரி, இப்ப வாசகர் சொன்ன விஷயத்துக்கு வர்றேன். 2012ல அமெரிக்க ஃபுட்பால் ஃபைனல்ல மடோனா கூடப் பாடுறப்ப நடு விரலைக் காட்டுனாங்க, அதுக்குப் போய் போட்டி நடத்துறவங்க 1.66 கோடி டாலர் நஷ்டஈடு கேட்டாங்க, அதெல்லாம் எனக்கு ஒரு குத்தமாவே தெரியல. 2016ல கறுப்பின மக்களோட போராட்டத்தைப் பத்திப் பேசுறப்ப, முஸ்லிம் உயிரு, சிரியா உயிரைப் பத்தி யாரு பேசுறான்னு கேட்டாங்க. கேட்ட கேள்வில நியாயம் இருந்துச்சு, ஆனா அடிபட்டுட்டு நிக்கிறவன்கிட்டப் போய்க் கேட்டது தப்பு, அதுக்காக லண்டன்ல ஒரு விழாவுலேர்ந்து தூக்கிட்டாங்க.

2020 மார்ச்ல எழுதினதுதான் என்னை அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. தடுப்பூசியா சாவான்னா சாவையே எடுத்துக்குவேன்னு எழுதுனாங்க. நான் மாஸ்க் போட்டுக்கிட்டு வீடு வீடா காய்ச்சல் கணக்கு எடுத்துட்டிருந்த நேரம் அது. அடுத்த வருசம் எங்க ஊருக்கு ஊசி வந்துச்சு. 2021 ஏப்ரல் 15ல நடிகர் விவேக் சார் ஊசி போட்டுக்கிட்டு எல்லாரும் போட்டுக்கங்கன்னு நல்ல மனசோட சொல்லிட்டுப் போனார், 17ஆம் தேதி மாரடைப்புல இறந்துட்டார். ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு டாக்டருங்க சொன்னாங்க, பின்னாடி மத்திய அரசு குழுவும் சொல்லுச்சு, ஆனா ஊரு கேட்டாத்தானே? கோவிஷீல்டு ஒரு பாட்டில்ல பத்து பேருக்கு மருந்து, தொறந்துட்டா நாலு மணி நேரம்தான். ஒரு நாள் மூணு பேரு வந்தாங்க, தொறந்தேன், மத்த ஏழு பேருக்காக சாயங்காலம் வரைக்கும் ரோட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன், யாரும் வரல. அந்த மீதி மருந்தை வேஸ்டேஜ்னு ரெஜிஸ்டர்ல எழுதுறப்ப என் கை நடுங்குச்சு. ஒரு பிரபலத்தோட பேரு ஒரு ஊரை எவ்ளோ தூரம் பயமுறுத்தும்னு எனக்கு அன்னிக்குத் தெரிஞ்சுச்சு. அதனால மாயா பேசுனது விளையாட்டு இல்ல, 2022ல போய், சதிக் கதை பரப்புற அமெரிக்க ஆளு அலெக்ஸ் ஜோன்ஸ் பொய்க்கு அபராதம்னா தடுப்பூசி போடச் சொன்ன பிரபலங்களுக்கும் அபராதம் போடணும்ல, அப்படின்னு கேட்டதும் விளையாட்டு இல்ல. ஸ்கூல் துப்பாக்கிச்சூட்டுல புள்ளையைப் பறிகொடுத்தவங்களை நாடகக்காரங்கன்னு சொன்ன ஆளு அவன். தன் சொந்த சனத்தோட சாவையே பொய்யின்னு சொல்லக் கேட்டவங்க மாயா, அவங்க அவன் பேரை அப்படி எடுத்திருக்கவே கூடாது.

ஆனா அந்த மார்ச் மாசம் இன்னொண்ணும் எழுதிருந்தாங்க, அதை யாரும் பேசுறதில்ல. அமெரிக்காவுல புள்ளையை ஸ்கூல்ல சேக்கணும்னா ஊசி போட்டே ஆகணும்னு சொல்லிட்டாங்களாம், மூணு ஊசி, அப்புறம் மூணு வாரம் புள்ளைக்கு முடியாமப் போச்சு, ஒரு அம்மாவா எனக்கு அதுல முடிவெடுக்க வழியே இல்லாமப் போனதுதான் தாங்க முடியலன்னு. இதைப் படிச்சதும் எனக்குக் கோவம் பாதி எறங்கிருச்சு. ஒவ்வொரு புதன்கிழமையும் எங்க சப்-சென்டர் பெஞ்சுல இதே அம்மாவைத்தான் பாக்குறேன். ஒன்றரை மாச ஊசிக்கு வந்தப்ப ராத்திரி பூரா அழுதுச்சு, ரெண்டரை மாச ஊசிக்கு வர மாட்டேன்னு நிப்பாங்க. அவங்களை முட்டாள்னு சொன்னா அடுத்த வாரம் மட்டுமில்ல, எப்பவுமே வர மாட்டாங்க. பக்கத்துல உக்காந்து புள்ளையைத் தொட்டுப் பாத்து, ஊசிக் காய்ச்சல் ஒரு நாள் ரெண்டு நாள்தான் இருக்கும், மூணு வாரம் இருந்துச்சுன்னா, ஆன்டிபயாட்டிக் கொடுத்தாங்கன்னா, அது கூடவே வந்த வேற தொத்தா இருக்கலாம்மான்னு சொல்லணும். மாயாவுக்கு அப்படி ஒரு ஆளு உக்காந்து சொல்லலையேன்னுதான் எனக்கு வருத்தம். வன்னியைப் பத்திச் சொன்னப்ப பிரச்சாரம்னு ஒதுக்குனாங்க, 2011ல ஐ.நா. நிபுணர் குழு 40 ஆயிரம் பேரு வரைக்கும் செத்திருக்கலாம்னு எழுதுச்சு. அதுக்கப்புறம் எவன் சொன்னாலும் நம்ப மாட்டேன்னு ஆயிருச்சு போல. எனக்கு இது புரியுது. ஆனா அதே டிவியைப் பாத்து அழுத நான் ஊசி எடுத்துக்கிட்டு வீடு வீடா போனேனே, அதனால புரியுதுன்றதுக்காக விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்த 5ஜி துணியை நான் வாங்கல, வாங்கவும் மாட்டேன். பாட்டைக் கேப்பேன். புதன்கிழமை ஐஸ் பாக்ஸை ஸ்கூட்டி முன்னாடி வெச்சுக்கிட்டு போறப்ப வாய்க்குள்ள முணுமுணுக்குறது அந்த உறுமிப் பாட்டுத்தான். மாயா பாட்டு பிடிக்கும்னு சொல்ற எங்க ஊரு காலேஜ் பசங்ககிட்ட அவங்க ஊசி பத்திச் சொன்னது தப்புன்னு முதல்ல சொல்ற ஆளும் நான்தான், வேற யாரு சொன்னாலும் அவனுங்க கேக்க மாட்டானுங்க.

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் சார். அருளர் விஷயத்தை மட்டும் திருத்தி ஒரு வரி போட்டுருங்க. என் பேரு போட வேண்டாம், அரசு வேலையில இருக்கேன்.

இப்படிக்கு,
கிராம சுகாதார செவிலியர்,
புதுக்கோட்டை மாவட்டம்.